இருபத்து மூன்றாம் வாக்கியம்

காது மெஷினைப் பொருத்தியதும் பாதி வேலைதான் முடிந்தது என்றார்கள் ஆஸ்பத்திரியில். சத்தத்திலிருந்து பேச்சைப் பிரித்தெடுக்க மூளையைப் பழக்க வேண்டுமாம். ஐம்பத்தெட்டு வயதில், சிங்கப்பூர் தேக்காவில் ஒரு புடவைக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவளின் மூளையை. அதற்கென்று கைப்பேசியில் ஒரு செயலியை ஏற்றித் தந்தார்கள். தினமும் இருபது நிமிடம்.

அது உணவங்காடி இரைச்சலுக்கு நடுவே ஒரு வாக்கியத்தைச் சொல்லும். திரையில் நான்கு வாக்கியங்கள் வரும். கேட்டது எதுவோ அதை அமுக்க வேண்டும். சரியென்றால் அடுத்தது. தப்பென்றால் இரைச்சலைக் குறைத்து அதையே திரும்பச் சொல்லும், மறுநாளும் கொண்டுவந்து நிறுத்தும். அதிலிருந்த ஆங்கிலக் குரல்கள் எனக்கு ஒத்துவரவில்லை. வீட்டு ஆட்களின் குரலையும் பதியலாம் என்று மகள் கண்டுபிடித்தாள்.

"அப்பா வாய்ஸ்தான் பெஸ்ட் லா," என்றாள். நான் கடையில் இருந்த ஒரு சனிக்கிழமை, என் கணவரை உட்காரவைத்து நாற்பது வாக்கியங்களைப் படிக்கவைத்துவிட்டாள்.

எங்கள் வீடு புக்கிட் பாத்தோக்கில். காலையில் கடைக்குப் போக ஜூரோங் ஈஸ்டில் ரயில் மாறினால், அவுட்ரம் பார்க் வரை கைப்பேசியிலிருந்து நேராக மெஷினுக்கு வரும் அவர் குரல்தான் என் காதில். லிஃப்ட் பழுது என்பார், மீன் நல்லா இருந்துச்சு என்பார். வீட்டில் எதையும் இரண்டாம் முறை சொல்லாத மனிதர். என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை, விடு என்று கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். ரயிலில் எத்தனை முறை கேட்டாலும் சொன்னார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அது பிடித்திருந்தது.

மூன்றாவது வாரம், இருபத்து மூன்றாவது வாக்கியம். 'மழ வருது, துணிய உள்ள எடு.' அதன் வாலில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவரை அதையும் இரைச்சல் என்றே நினைத்திருந்தேன். வேண்டுமென்றே தப்பாக அமுக்கினேன். இரைச்சல் குறைந்தது. மறுபடியும் தப்பாக அமுக்கினேன். குவீன்ஸ்டவுன் நிலையம் வருவதற்குள் முழுதாகக் கேட்டுவிட்டது. படித்து முடித்தவர், பதிவை நிறுத்துவதற்கு முன் மகளிடம் பேசியிருக்கிறார்.

"இந்த ஃபோன்கிட்ட ஒரு தடவ சொன்னாப் போதும். ஒங்கம்மாகிட்ட சொல்லிச் சொல்லி வாயே வலிக்குது."

மகளின் சிரிப்போடு அது முடிந்தது.

நெரிசலில் மெஷினைக் கழற்றக் கையைத் தூக்கக்கூட இடமில்லை. சரியான விடையை அமுக்கியிருந்தால் அந்த வாக்கியம் அன்றோடு போயிருக்கும். விரல் போகவில்லை. தினமும் தப்பாக அமுக்கினேன், தினமும் அது வந்தது. யாரிடம் சொல்வது? சிரித்தவளிடமா? அழித்துவிடு என்றால் ஏன் என்பாள்.

வாராவாரம் முடிவு மகளின் கைப்பேசிக்குப் போகும். எல்லாம் பச்சை, இது மட்டும் சிவப்பு. பதிவில்தான் கோளாறு என்று நினைத்து அப்பாவை மறுபடி படிக்கச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அவர் என் எதிரே கைப்பேசியோடு உட்கார்ந்தார்.

"படிச்சு முடிச்சவொடனே நிறுத்திடுங்க," என்றேன். "அதுக்கப்புறம் பேசுறதும் அதுல விழுது."

என்ன விழுந்தது என்று அவர் கேட்கவில்லை. முகம் சுண்டிப்போனது. இரண்டு முறை செருமிவிட்டுப் படித்தார்.

அதிலிருந்து எதிரே வந்து நின்றுதான் பேசுகிறார், அளந்து அளந்து. சாப்பிடலாமா. கதவைப் பூட்டவா. முடிந்ததும் வாயை மூடிக்கொள்கிறார். முன்பெல்லாம் செய்தித்தாளிடம், லிஃப்டிடம், என் குழம்பிடம் என்று எதனிடமாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். அதில் பாதி எனக்கு எட்டாது. அந்தப் பாதிக்காகத்தான் நான் இந்த மெஷினையே மாட்டிக்கொண்டேன்.

நேற்று மாலை திடீர் மழை. அவர் சமையலறைக்கு வந்து, என் தோளைத் தொட்டுத் திருப்பி, மழை வருகிறது, துணியை எடுக்க வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அந்த நேரத்துக்குள் அவரே எடுத்திருக்கலாம். இருவருமாக ஜன்னலுக்கு வெளியே துணி காய்ந்த மூங்கில் கழிகளை உள்ளே இழுத்தபோது எல்லாம் நனைந்திருந்தது. பழைய ஆளாக இருந்தால் கழியை, மழையை, என்னை, எல்லோரையும் திட்டித் தீர்த்திருப்பார். நான் மெஷினின் சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே நின்றேன். மழைதான் கேட்டது.