ஐயா கேட்ட நண்டுக்கறி

“நாலு புத்தகம் படிச்சால் செத்தவையின்ர கதை விளங்குமோ?” என்று பெரியம்மா கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதன்முதல் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தக் கேள்வி சுட்டது.

என் அப்பா, நாங்கள் ஐயா என்றழைப்பவர், இறந்து மூன்று மாதமாக அம்மா சரியாகச் சமைக்கவுமில்லை, சாப்பிடவுமில்லை. ஆவியோடு பேசும் கொட்டாஞ்சேனைப் பெண் ஒருத்தியிடம் அம்மாவைக் கூட்டிப்போகப் பெரியம்மா ஏற்பாடு செய்தார்; நான் மறித்ததற்குத்தான் அந்தக் கேள்வி. நான் முந்திக்கொண்டு அவளிடம் போய், ஐயாவுக்கு நண்டென்றால் உயிர் என்று பொய் சொல்லிவைத்தேன். உண்மையில் நண்டு தின்றால் அவருக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும்.

வெள்ளிக்கிழமை உருவேறியதும் அவள் ஐயாவாக அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினாள். “இஞ்சாரும், ஒரு நண்டுக்கறி காய்ச்சித் தாருமன்.”

நான் சிரித்து, எல்லோர் முன்னாலும் விஷயத்தை உடைத்தேன். அவள் தலை குனிந்தாள்.

வெள்ளவத்தை வீட்டுக்குத் திரும்பும் கோச்சியில், ரயில் நகரத் தொடங்கியதும் அம்மா சொன்னார்: “அவர் நண்டு தின்னமாட்டாரெண்டு எனக்குத் தெரியாதோ, பிள்ளை? இஞ்சாருமெண்டு கூப்பிட்டு என்னட்டை ஒருத்தர் சாப்பாடு கேட்டு எவ்வளவு நாளாச்சு. வீட்டை போய் அடுப்பு மூட்டுவமெண்டு நினைச்சனான்.”

அன்றும் அம்மா சாப்பிடவில்லை.

ஆவிகளை நான் இப்போதும் நம்பவில்லை. ஆனாலும் நேற்றுத் தனியே கொட்டாஞ்சேனைக்குப் போய், அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். “ஞாயிறு மத்தியானம் பசியோட எங்கட வீட்டுக்கு வாங்கோ. அம்மாட்டை வாய்விட்டுக் கேட்டுச் சாப்பிடுங்கோ” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.