கல்லில் நான் வாசித்த பொய்

என் கணவரின் வலது கால் உழவு மெசினின் இழுவைப் பெட்டிக்கு அடியில் நசுங்கியது விதைப்புக் காலத்தில். வயல்வட்டைக்கு விதைநெல் ஏற்றிப்போன பெட்டி வரம்பில் சரிந்து குடைசாய்ந்துவிட்டது. கொக்கட்டிச்சோலையிலிருந்து வாவியைக் கடந்து மட்டக்களப்புக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து மேல் சிகிச்சைக்கென்று பொலன்னறுவைக்கு அனுப்பினார்கள். சண்டை நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் அம்புலன்ஸ் நின்றது. நான் இறங்கி அடையாள அட்டையைக் காட்டிவிட்டு மறுபடி ஏறினேன்.

ஆண்கள் வாட்டில் பகலில் ஒரு மணித்தியாலமும் மாலையில் ஒரு மணித்தியாலமும்தான் என்னை விட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் என் தமிழைக் கேட்ட ஒரு முஸ்லிம் பெண் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனா. ஏறாவூரில் பிறந்து பக்கத்துக் கதுறுவெலவில் வாழ்க்கைப்பட்டவ. அவர்கள் அக்காவைக் கூப்பிடுவதுபோல் ராத்தா என்றுதான் கூப்பிட்டேன்.

“ஆஸ்பத்திரிச் சுவரப் பாத்துக்கிட்டு இரிக்காதங்க புள்ள. அங்கால பழைய கோயிலெல்லாம் இரிக்கி, நிழலும் இரிக்கி. போய்க் காலாறிட்டு வாங்க” என்றா.

ராசாக்கள் இருந்த நகரம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். மரங்களுக்கிடையில் செங்கல் மேடுகளும், கூரை போன மண்டபங்களும், தலையில்லாத புத்தர்களும் கிடந்தன. எல்லாம் வெயிலில் மிதப்பதுபோலத் தெரிந்தன. ஆறு நாளாய் நித்திரை கொள்ளாத கண் அப்படித்தான் பார்க்கும் போலும். நடந்துகொண்டே போனபோது கல்லாலேயே கட்டிய ஒரு சின்னக் கோயில் வந்தது. உச்சி வரை இடியாமல் நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தால் சிவலிங்கம். ஐயர் இல்லை, மணி இல்லை. யாரோ வைத்துப்போன அலரிப்பூ மட்டும் வாடிக் கிடந்தது. சுவரோரம் இருந்தேன். கல் குளிர்ந்திருந்தது. எப்போது சாய்ந்தேன் என்று தெரியவில்லை.

விளக்குமாற்றின் சத்தம் கேட்டு விழித்தேன். ஐம்பது வயதிருக்கும் ஒரு சிங்களப் பெண் சருகு கூட்டிக்கொண்டிருந்தா. பக்கத்துத் தெரு முஸ்லிம் ஆட்களோடு பழகியதால் கொஞ்சம் தமிழ் பேசினா.

“நங்கி, தங்கச்சி, நீ தமிழ்தானே? இந்த எழுத்தும் தமிழ் எண்டு சொல்றாங்க. நான் இருவது வருசமாக் கூட்டுறன். என்ன எழுதி இருக்கு?”

அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். அடிக்கல் நெடுகிலும் எழுத்து. ஒரு ‘ப’ தெரிந்தது, ஒரு ‘ட’ தெரிந்தது. மற்றதெல்லாம் தெரிந்த முகம்போல் இருந்தும் யாரென்று பிடிபடவில்லை. என் பாஷையை எனக்கு வாசிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. விரலை எழுத்தின்மேல் வைத்து, வாயில் வந்ததைச் சொன்னேன்.

“ஒரு பொம்புள எழுதி வெச்சிருக்கா. அவட புருசன் வருத்தமாக் கிடந்தாராம். இதில விளக்கேத்திக் கும்பிட்டாவாம். சுகம் வந்திச்சாம்.”

அவ விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டா. “உன்ட புருசனும் வருத்தமா?” என்று கேட்டா. என் முகத்தில் அது எழுதியிருந்திருக்க வேண்டும்.

மறுநாள் நான் போகும்போது எண்ணெய்ப் போத்தலும் திரியுமாக நின்றா. கூட வேறு இரண்டு பெண்கள். அவர்கள் விளக்கை ஏற்றி, என் கணவரின் பெயரைக் கேட்டு, தங்கள் பாஷையில் ஏதோ சொல்லிக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். பொய்யின் முன்னால் நின்று அவ்வளவு மனமொன்றிக் கும்பிட்டது அதற்கு முன் இல்லை.

அன்றைக்கே சருகு கூட்டும் அந்த அக்கா என்னைக் கல்விகாரை என்ற புத்தர் கோயிலுக்குக் கூட்டிப்போனா. பாறையிலேயே செதுக்கிய புத்தர் நீட்டிப் படுத்திருந்தார். தலை அழுந்திக் கல்தலையணை பதிந்திருந்தது. காற்றுப் பட்டால் மூச்சுவிடுவார்போல இருந்தார்.

“என்ன நல்ல நித்திர!” என்றேன்.

“நித்திர இல்ல நங்கி. காலப் பாரு. ரெண்டு பாதமும் சரியா இல்ல. ஒண்டு கொஞ்சம் பின்னால. போயிட்டாரு.”

திரும்பி ஆஸ்பத்திரிக்கு நடந்தேன், பிறகு ஓடினேன். மாலை நேரம் திறக்க இன்னும் இருந்தது. வாசல் காவலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். கணவர் கண்ணை மூடிக் கிடந்தார். போர்வையைத் தூக்கி அவருடைய காலைத் தொட்டேன். ஒரு கிழமையாகக் கொதித்த கால் சாதாரணமாக இருந்தது.

“என்ன புள்ள, இளைக்கிற?” என்றார். “மீன் குழம்பு கிடைக்குமா?”

அழுதுகொண்டே நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். விபத்துக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

“கல்லுக்கே பொய் சொல்லிப்போட்டியா? அந்த மனிசியிட்ட உண்மையச் சொல்லு. சொல்லாட்டி மறுகாப் பாவம்.”

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி அவரை வீட்டுக்கு விட்ட நாள் காலையில் சொல்லத்தான் போனேன். அக்கா லீவு. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றா. என்னைப் புதிய ஆள் என்று நினைத்து, அரைத் தமிழிலும் சைகையிலும் கோயிலின் கதையைச் சொல்லத் தொடங்கினா. முன்னொரு காலத்தில் சண்டையில் ராசாவுக்குக் கால் முறிந்துபோனதாம். ராணி இங்கே ஏழு நாள் விளக்கேற்றினாவாம். ராசா எழுந்து நடந்தாராம். “இதில எழுதி இருக்கு” என்று எழுத்தைத் தடவிக் காட்டினா. என் பொய் பத்து நாளில் பட்டும் முடியும் உடுத்து என் முன்னால் வந்து நின்றது.

“அப்படியா?” என்று மட்டும் கேட்டேன். குழந்தைக்கு என்ன வருத்தம் என்று விசாரித்தேன். மூச்சிழுப்பு என்றா. விளக்குக்குக் கொஞ்சம் எண்ணெய் விட்டுவிட்டுத் திரும்பினேன்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் என் கணவர் காலை நீட்டுவதற்கு முன்சீட்டுக்காரர் இடம்விட்டார். மன்னம்பிட்டிப் பாலம் தாண்டும்போது, “சொன்னியா?” என்றார்.

“இல்ல.”

சோதனைச்சாவடியில் எல்லாரையும் இறங்கி நடக்கச் சொன்னார்கள். என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வைத்து, அந்த முழுத் தூரத்தையும் நடந்தார்.