மஞ்சள் பூசிய காசோலை

"…நோட்டுல பூசியிருந்தா ஒருத்தனும் வாயத் தொறந்திருக்க மாட்டான்லா. பேரெழுதிக் கையெழுத்துப் போட்ட காயிதத்துல பூசுனீங்க பாருங்க, அங்கதான் மாட்டிக்கிட்டீங்கண்ணே" என்று சொல்லிவிட்டு டாக்சி ஓட்டுநர் ஆரோக்கியசாமி என்ஜினை அணைத்தார்.

ஈப்போ நகரம், லஹாட் சாலை, ஒரு நகைக்கடைக்கு எதிர்ப்புறம். 1982-ஆம் வருடத்துச் சனிக்கிழமை ஒன்று, பிற்பகல் மூன்றரை மணி. என் சட்டைப்பையில் ஐந்நூறு அமெரிக்க டாலருக்குப் பயணிகள் காசோலை இருந்தது. செலவழிக்கக் கையில் இருந்ததோ ஏழு வெள்ளி. இங்கே ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சுங்கை சிப்புட்டில் என் தங்கை மகள் வசந்தாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் நான். இரண்டு பவுன் சங்கிலி போடுவதாகச் சொல்லிக் கடல் தாண்டி வந்தவன், கடைக்கு எதிரே உட்கார்ந்து கடையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறேன். வயிறு எரிந்தது. எரிச்சலை எழுதாமல் பயணத்தை மட்டும் எழுத எனக்குத் தெரியவில்லை. முதலிலிருந்தே சொல்கிறேன்.

நான் புதுக்கோட்டையில் தையல் மிஷின் பழுது பார்ப்பவன். வெளிநாடு போகிறவன் நம் ரூபாயைக் கட்டிக்கொண்டு போக முடியாது. அனுமதி வாங்கி, படிவம் நிரப்பி, திருச்சியில் ஒரு வங்கியில் போய் நின்றேன். ரொக்கமாகக் கொஞ்சம்தான் தந்தார்கள். மீதிக்கு ஐம்பது டாலர் தாள்களாகப் பத்துக் காசோலை. "இங்கே ஒரு கையெழுத்து. பணம் வாங்கும்போது அவர் எதிரிலேயே இன்னொரு கையெழுத்து. தொலைந்தாலும் கவலையில்லை, உலகம் முழுக்கச் செல்லும்" என்றார் வங்கிக்காரர். உலகம் முழுக்க என்று அவர் கையை விரித்துக் காட்டியது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

வீட்டில் என் மனைவி அதைப் பார்த்தாள். "சீர்ப் பணம் மஞ்சள் படாமக் கடல் தாண்டக் கூடாது" என்றாள். நம் வீடுகளில் புதுத் துணி என்றாலும் கல்யாணப் பத்திரிகை என்றாலும் புதுக் கணக்கு நோட்டின் முதல் பக்கம் என்றாலும் நான்கு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைக்காமல் எடுப்பதில்லை. பத்துத் தாளிலும் நான்கு மூலை. குழைத்த மஞ்சள், கையும் தாராளம். அன்று எனக்கும் அது மங்களமாகத்தான் தெரிந்தது.

சென்னையிலிருந்து கப்பல். பினாங்கில் இறங்கி, கைரொக்கத்தை அங்கேயே மாற்றிக்கொண்டு, படகில் பட்டர்வொர்த், பிறகு பேருந்தில் சுங்கை சிப்புட். வியாழக்கிழமை மாலை போய்ச் சேர்ந்தேன். இருபத்திரண்டு வருடம் கழித்துப் பார்க்கிறேன், தங்கை ருக்மணியை. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவள். தோட்டம் கைமாறிய பிறகு ஊருக்குள் ஒரு பலகை வீட்டில் குடியிருக்கிறாள். அவள் வீட்டுக்காரருக்கு மரப்பட்டறையில் வேலை. வெள்ளிக்கிழமை முழுக்கப் பந்தல் வேலை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"எம் மாமியா செத்துப் பதினோரு வருசமாச்சுண்ணே. அது சொன்ன சொல்லு மட்டும் இன்னும் சாவல. 'ஒம் பொறந்த வீட்டுலேருந்து ஒரு மொழம் நூலாச்சும் வந்துச்சா?'ன்னு கேக்கும். இப்ப எங்க நாத்தனாருங்க கேக்குறாங்க. நாளைக்கழிச்சு மைக்குல சீரு படிப்பாங்க. தாய்மாமன் சீருன்னு படிக்கறப்ப நான் அந்த நாத்தனாரு மூஞ்சியப் பாக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

இதைக் கேட்ட பிறகு நான் சும்மா இருப்பேனா?

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆரோக்கியசாமியின் டாக்சி. ஈப்போவுக்கு ஏறத்தாழ பதினெட்டு மைல். நான்கு பேர் சேர்ந்து போனால் ஆளுக்கு இரண்டு வெள்ளி. கண்ணாடியில் ஜெபமாலை தொங்குகிறது. முன்சக்கரத்தைக் காலால் தட்டிவிட்டு, "இந்த டயருல ரோடே தெரியுதுண்ணே, மெதுவாத்தான் போலாம்" என்றார். செம்மோர் தாண்டியதும் இடது பக்கம் கை காட்டினார். "அந்த வளைவுக்குப் பின்னாடி எங்கப்பா வெட்டுன மரமெல்லாம் இருந்துச்சு. இப்ப பூராவும் எண்ணெய்க்குப் போட்ட செம்பனை. வெட்டுனவரும் இல்ல, மரமும் இல்ல, கடிக்கிற கொசு மட்டும் அதே கொசு." இந்த மாதிரி பேச்சுக்காகவே நான் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். அப்போதே எழுதிக்கொண்டேன்.

பத்து மணிக்கு ஒரு வங்கி. பெயர் வேண்டாம். வரிசையில் முக்கால் மணி நேரம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் தாள்களைப் பார்த்தாள், விரலால் தொட்டாள், விரலை முகர்ந்தாள். உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். ஓர் அதிகாரி வந்தார். நம் ஆள். ஆங்கிலத்தில் ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு வந்தார்.

"சார், இது ரோசாக். கெட்டுப்போன தாள். மூலையில இருக்கற நம்பர் மேல கறை ஏறியிருக்கு. அழிச்சு மாத்துன மாதிரி தெரியுது."

"அழிக்கலீங்க. அது மஞ்சள்."

"மஞ்சள்னு எனக்குத் தெரியுது சார். ரூல் புத்தகத்துக்குத் தெரியாதுலா."

"உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு மஞ்சள் வைக்க மாட்டீங்களா?"

"வைப்போம் சார். செக்குல வைக்க மாட்டோம்."

பத்துத் தாளில் ஒன்றாவது தேறாதா என்று கேட்டேன். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தேறவில்லை. திங்கட்கிழமை வந்து மனு எழுதிக் கொடுத்தால் பழையதை வாங்கிக்கொண்டு புதியது தர ஏற்பாடு செய்யலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் என்றேன். "ஐயோ" என்றார். மனதாரத்தான் சொன்னார், அதைக் குறை சொல்ல மாட்டேன். பதினொன்றரைக்குக் கதவை இழுத்துச் சாத்தினார்கள். நான் வெளியே, மஞ்சள் என் பையில்.

அடுத்த தெருவில் பணம் மாற்றும் கடைக்காரர் தாளைப் பார்த்தவுடனே திருப்பித் தள்ளினார். "நோட்டுன்னா சேறு பட்டிருந்தாலும் மாத்துவேண்ணே. இதுல நான் மாட்டேன்."

பன்னிரண்டரைக்கு நகைக்கடை. சங்கிலி பார்த்தேன். பேரம் பேசி அறுநூறு வெள்ளிக்கு முடித்தேன். காசோலையைக் காட்டியதும் முதலாளி கைகூப்பினார். "கடை அஞ்சரைக்கு அடைப்பேன். அதுவரைக்கும் உங்களுக்காக எடுத்து வைக்கறேன். ரொக்கமோ கார்டோ கொண்டாங்க."

கார்டு. அந்தச் சொல்லின் முழு அர்த்தத்தையும் அங்கேதான் பார்த்தேன். எனக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர், அரைக்கால் சட்டை போட்டவர், மனைவிக்கு வளையல் வாங்கினார். ஒரு பிளாஸ்டிக் அட்டையை நீட்டினார். முதலாளி அதை ஒரு இரும்புத் தட்டில் வைத்து, மேலே கரித்தாள் போட்டு, கைப்பிடியை இப்படியும் அப்படியும் இழுத்தார். கர்ரக், கர்ரக். வந்தவர் கோழி கிளறியது போல ஒரு கிறுக்கல் கிறுக்கினார். அதை ஒருவரும் உற்றுப் பார்க்கவில்லை, முகரவில்லை, வெளிச்சத்தில் பிடிக்கவில்லை. நன்றி சொல்லி, குளிர்பானம் கொடுத்து அனுப்பினார்கள். என்னிடம் வங்கியில் முன்கூட்டியே கட்டிய பணம். அவரிடம் இனிமேல் கட்டப்போகும் பணம். இனிமேல் கட்டுகிறவனுக்கு நாற்காலி, ஏற்கெனவே கட்டியவனுக்குக் கைகூப்பு! இது என்ன நியாயம் என்று இந்தக் கட்டுரையைப் படிக்கிற யாராவது எனக்கு விளக்கினால் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு மணிக்குச் செல்வராஜ் வந்தார். ருக்மணி வீட்டுக்காரரின் தம்பி. ஈப்போவில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். நகையைத் தேர்ந்தெடுக்க உதவுவதாகச் சொல்லியிருந்தார். கதையைக் கேட்டுச் சிரித்தார்.

"இதுக்குப் போயி டென்ஷனா மச்சான்? எங்கிட்டயும் கார்டு இருக்குலா. ஒரு இழுப்பு, முடிஞ்சது. நீங்க மெதுவாக் குடுங்க."

"உங்க கார்டுல வாங்கினா அது உங்க சீரு ஆயிடும் மாப்ளே."

"யாருக்குத் தெரியப்போவுது? ரசீதையா மைக்குல படிக்கப்போறாங்க?"

"உங்களுக்குத் தெரியுமே."

"நான் எங்கக்காகிட்ட மூச்சு விட மாட்டேன், போதுமா?"

அவருடைய அக்காதான் அந்த நாத்தனார். மூச்சு விட மாட்டேன் என்று சொல்லும்போதே அவர் முகத்தில் ஒரு மூச்சு தயாராக நின்றது. நல்ல மனிதர்தான்; ஆனால் அந்த அட்டையில் அச்சாகியிருந்தது எந்த வீட்டுப் பெயர்? இருபத்திரண்டு வருடமாக என் தங்கையிடம் நூலாவது வந்ததா என்று கேட்ட வீட்டுப் பெயர். அந்த வீட்டு அட்டையில் வாங்கி, அந்த வீட்டுப் பெண்ணுக்கே போட்டு, மைக்கில் என் பெயரைப் படிக்கச் சொல்வதா? மாட்டேன் என்றேன். "உங்க இஷ்டம் மச்சான், பந்தல்ல பாப்போம்" என்று மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு மணி நேரம் அந்தச் சாலையில் நடந்தேன். நாற்பது காசுக்குத் தேநீர். ஊருக்குத் திரும்பியதும் நாலு பேருக்குச் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன், இங்கேயும் சொல்கிறேன். வெளிநாடு போகிறவர்களே, உங்களுக்கு அனுமதிக்கிற அளவுக்குக் கடைசிக் காசு வரை நோட்டாக வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டுக்கு யாருடைய கையெழுத்தும் வேண்டாம், முகமும் வேண்டாம். தொலைந்தால் தொலைந்ததுதான், அது உண்மை. என்னுடையது தொலையவே இல்லையே! பையிலேயே இருந்தது. பையில் இருந்துகொண்டே இல்லாமல் போனது. பிற்பாடு புதன்கிழமை எனக்குப் புதுக் காசோலை தந்தார்கள். அவற்றை மாற்றி உரிய இடத்தில் சேர்த்தும்விட்டேன். அதற்கு நான்கு பக்கப் படிவம். தாத்தா பெயர் வரை கேட்டார்கள். கல்யாணம் நடந்ததா என்று நான்கு பக்கத்தில் ஓரிடத்திலும் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு ஆரோக்கியசாமி இரண்டாவது சவாரி முடித்துவிட்டு என்னைத் தேடிக்கொண்டு வந்தார். வண்டிக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். அதற்குத்தான் அவர் மஞ்சளைப் பற்றி, நான் முதலில் எழுதிய அந்தச் சொல்லைச் சொன்னது. சொல்லி, என்ஜினை அணைத்து, சீட்டுக்கு அடியில் கைவிட்டு ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார். உள்ளே ஐம்பது வெள்ளி நோட்டுகள், பன்னிரண்டு.

"டயரு ரெண்டு மாத்த வச்சிருந்தது. திங்கக்கெழம வண்டி சோதனை. அத நான் பேசிக்கிறேன். புடிங்கண்ணே."

"வேண்டாம் ஆரோக்கியசாமி."

"அந்தக் கார்டும் வேணாம், இந்தக் காசும் வேணாமா? ஒங்க தங்கச்சி நாளைக்கு மைக்குக்கு முன்னாடி நிக்கணும்லா."

"உங்க மனசுக்கு நான் என்ன சொல்ல? ஆனா இது உங்க டயர்க் காசு. நான் கொண்டுவந்தது எங்க வீட்டுல மஞ்சள் வச்சுக் குடுத்த காசு. கடன் வாங்கிப் போட்டா அது எங்க வீட்டுச் சீரு ஆகாது."

 அவர் என் கையிலிருந்த காசோலைத் தாள் ஒன்றை வாங்கி மூலையைப் பார்த்தார். கதவைத் திறந்து இறங்கி, நகைக்கடைக்குப் பக்கத்து மளிகைக்கடைக்குள் போனார். கோபித்துக்கொண்டாரோ என்று பயந்துவிட்டேன். மணி நான்கைத் தாண்டியிருந்தது.

திரும்பி வந்தபோது கையில் ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது. தண்ணீர் பாட்டிலின் மூடியைக் கழற்றி மடியில் வைத்து, பொட்டலத்தைப் பிரித்து மஞ்சள் தூளை அதில் கொட்டி, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சுண்டுவிரலால் குழைத்தார். "எங்க வீட்டுல இதெல்லாம் பழக்கமில்லண்ணே. தப்பா வச்சா சொல்லுங்க" என்றார். பிறகு டின்னிலிருந்த நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, தொடையில் விரித்து, நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்து, வாயால் ஊதிக் காயவைத்தார். பன்னிரண்டாவது நோட்டும் முடிந்ததும் அத்தனையையும் சேர்த்து என் சட்டைப்பையில் வைத்துவிட்டு, விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, இறங்கிச் சுற்றி வந்து கடைப் பக்கத்துக் கதவை எனக்காகத் திறந்துவிட்டார்.