அக்காவைச் சாட்சிக்குக் கூட்டிப்போனது

எனக்குத்தான் மூளை கழன்றுகொண்டிருக்கிறது என்று நம்பினேன். நம்பியதோடு நில்லாமல் ஊர் முழுக்க அறிவித்தும் வைத்தேன். சைக்கிள் பூட்டுத் திறப்பு அரிசிப் பானைக்குள் கிடந்தது. காசு கொடுத்தாலும் கிடைக்காத சவர்க்காரக் கட்டி மிளகாய்த்தூள் டின்னுக்குள் இருந்தது. ஷெல்லடிக்கு ஓடும்போது தூக்கிப்போகக் காணி உறுதிப் பத்திரங்களைப் போட்டுவைத்த பையைக் கோழிக்கூட்டிலிருந்து மீட்டேன். மேலே ஒரு முட்டையும் இருந்தது.

"நீதான் வைச்சனீ தம்பி. பயத்திலை எங்கையாவது ஒளிக்கிறது, பிறகு என்னைக் கேக்கிறது," என்பார் அக்கா.

மறுக்கவும் முடியாது. பொம்மர் விமானச் சத்தம் கேட்டால் கையில் இருப்பதை எங்கே போடுகிறேன் என்று எனக்கே தெரியாது.

அத்தான் செத்தபின், கலியாணம் கட்டாத என்னையும் ஓர் ஆளென்று நம்பி அக்கா என் கொக்குவில் வீட்டுக்கு வந்திருந்தார். கணக்கு ரீச்சராக இருந்து பென்ஷனில் இளைப்பாறியவர். அவர் சொன்னால் அதற்குமேல் எங்கள் வீட்டில் அப்பீல் இல்லை. ஞாபகத்துக்கு நல்லது என்று வல்லாரைச் சம்பலை எனக்குக் குவித்து வைப்பார். தான் தொடமாட்டார்.

"எனக்கேன்? எனக்கு ஒண்டும் மறக்கிறேல்லை."

ஆடு தின்கிற அளவுக்கு நான் தின்றேன்.

ஒருநாள் உலையில் அரிசியைக் கூடுதலாகப் போட்டார். "அத்தான் பின்னேரக் கோச்சியாலை பசியோடை வந்து இறங்குவார்."

கோச்சி வந்தே பல வருஷம். தண்டவாளத்தைக்கூடக் கிளப்பிப் பங்கருக்குக் கூரையாகப் போட்டாயிற்று. அக்கா பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். செத்தவீட்டிலும் யாரையாவது சிரிக்கவைத்துவிட்டு வருகிற குடும்பம் எங்களுடையது.

"அப்ப அத்தானுக்கு நண்டுக்கறியும் வையுங்கோ," என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. நண்டு வாங்கப் பையை எடுத்தார். நான் சிரித்தேன். அன்று பின்னேரம் சந்தியில் நாலு பேருக்கும் சொல்லிச் சிரித்தேன்.

கடைசியில் என் பயம் முற்றி, மூளைக்குப் பார்க்கிற டொக்டரிடம் போனேன். தனியே போக நடுக்கம். அக்காவைச் சாட்சிக்குச் சைக்கிள் கரியரில் ஏற்றிப்போனேன். டொக்டர் கேட்டதற்கெல்லாம் நான் டக்கென்று பதில் சொன்னேன். பிறகு அவரையும் சிரிக்கவைக்க நண்டுக் கதையை எடுத்துவிட்டேன். அவர் பேனையை வைத்துவிட்டுக் கதிரையை அக்கா பக்கம் திருப்பினார்.

"அம்மா, இண்டைக்கு என்ன கிழமை?"

"தம்பி சொல்லுவான்."

"நீங்கள் சொல்லுங்கோ."

அக்கா என் சேட்டு நுனியைப் பிடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"டொக்டர், எனக்கு மறதியெண்டு வெளியிலை சொல்லிப்போடாதேங்கோ. என்னட்டைப் படிச்ச பிள்ளையள் சிரிப்பினம்."

என்னை வெளியே கூப்பிட்டு டொக்டர் சொன்னார்: "இதை மாத்த மருந்தில்லை. ஆனா அவ தனியக் கிடந்து பயந்திருக்கிறா. முந்தியே கூட்டிவந்திருந்தால் அந்தப் பயமாவது குறைஞ்சிருக்கும்."

எனக்கு மூளையில் ஒரு வருத்தமும் இல்லை. நோய் அக்காவுக்கு. அது அவருக்கு முதலே தெரிந்திருந்தது.