லிஃப்ட்டுக்குள் தட்டிய சத்தம்

இது கட்டுக்கதை இல்லை, கண்ணுகளா. என் நாத்தனாருக்கு நடந்தது. ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்... அதுவும் தலையை நிமிர்த்தாமல்.

அவள்தான் அந்தக் குடியிருப்புக்குச் செக்ரட்டரி. லிஃப்ட்டுக்கும், கீழே பேட்டரி வண்டிகளுக்குச் சார்ஜ் ஏற்றுவதற்கும் ஒரே கரண்ட் லைன். சாயங்காலம் வீட்டுக்கு வீடு விளக்கும் ஏசியும் ஓடும்போது வண்டியையும் செருகினால் தாங்காது. அதனால் கதவு கதவாகத் தட்டி, "பதினோரு மணிக்கு மேல சார்ஜ் போடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினாள். எல்லோரும் கேட்டார்கள். கேட்காதவள், கெஞ்சின அவளே ஒருத்திதான். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு யார் கீழே இறங்குவது? ஒரு வண்டிதானே என்று ஏழு மணிக்கே செருகிவிடுவாள்.

ஒரு நாள் லோடு தாங்காமல் கரண்ட் டிரிப் ஆகிவிட்டது. லிஃப்ட் பாதியில் நின்றது. உள்ளே மூன்றாம் மாடி டீச்சர். இதயம் பலவீனமானவர். குடைக் காம்பால் கதவைத் தட்டினார். டக்... டக்... டக்... இவளுக்கு நன்றாகவே கேட்டது. ஆனாலும் முதலில் தன் ஒயரைப் பிடுங்கி, சுருட்டி, டிக்கியில் வைத்தாள். அப்புறம்தான் ஆட்களைக் கூப்பிட்டாள்.

டீச்சரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பழி, கீழ்வீட்டு பேட்டரி ஆட்டோக்காரர் தலையில் விழுந்தது. இனி இங்கே சார்ஜ் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவருக்குப் பிழைப்பே அதுதான். இவள் வாயைத் திறக்கவில்லை.

ஒரு வாரம் போனது. மணி ஏழு ஐந்து. வெட்கம் இருந்தது... சோம்பல் அதைவிடப் பெரிதாக இருந்தது. மறுபடியும் செருகினாள்.

மேலே லிஃப்ட் கிளம்பியது. க்ர்ர்ர்... இறங்கி வந்தது. கதவு திறந்தது.

உள்ளே யாரும் இல்லை.

டக்... டக்... டக்...

கதவுதான் திறந்து கிடக்கிறதே... தட்டுவது யார்?

ஒயரைப் பிடுங்கினாள்.

சத்தம் நின்றது.

விழுந்தடித்துக்கொண்டு ஆட்டோக்காரர் வீட்டுக்கு ஓடினாள். "அண்ணா... அன்னிக்குச் சொருகினது நான்தான்."

"தெரியும்மா."

"யாரு சொன்னா?"

"டீச்சர்தான். இப்பதானே லிஃப்ட்ல வந்து இறங்கினாங்க? நல்லா ஆயிட்டாங்க போல. 'அவளே வந்து சொல்லுவா, திட்டாதேப்பா, பாவம்'னு சொல்லிட்டுப் போறாங்க."

இவள் கையிலிருந்த போன் அடித்தது. டீச்சரின் மகள்.

"அக்கா... அம்மா மதியமே எங்களை விட்டுப் போயிட்டாங்க."