இடது கைக்கு வந்த வாழ்வு

பதினோரு வருடமாக அவள் காரின் இடப்பக்கம் உட்கார்ந்து பிழைத்தவள். டிரைவிங் ஸ்கூல் ஆசிரியை. வலப்பக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் நடுங்கிக்கொண்டிருக்க, இவள் முழங்கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு, "அது பிரேக் இல்ல, ஆக்ஸிலரேட்டர்" என்று தாலாட்டுப் பாடுவதைப்போலச் சொல்வாள். அந்தக் கையை வெயில் குத்தகைக்கு எடுத்துக்கொண்டது. வலது கை அவளுடையது. இடது கை கறுத்துப்போய், யாரிடமோ இரவல் வாங்கி மாட்டியதுபோல் இருந்தது.

அவளுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. கவலைப்படத்தான் நாத்தனார் இருந்தாளே. பக்கத்துத் தெருவில் பியூட்டி பார்லர் வைத்திருப்பவள்.

"அண்ணி, ரெண்டு கையும் ஒரே கடையில வாங்கினதா?"

புருஷன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் யோசனை சொன்னார். "வலது கையையும் பத்து வருஷம் வெயில்ல காட்டச் சொல்லு. சரிசமமாயிடும்."

நாத்தனார் எலுமிச்சம்பழத்தை வெட்டிச் சர்க்கரையில் தொட்டு அழுத்தித் தேய்க்கச் சொன்னாள். டீச்சர் காலையில் தேய்த்தாள். சாறு காயுமுன் வண்டியேறி, கையை வழக்கம்போல் வெளியே நீட்டினாள். நாலாம் நாள் கை சிவந்து கொப்பளித்தது. கொப்புளம் அடங்கியதும், சாறு வழிந்த தடமெல்லாம் பழுப்புக் கோடுகளாக நின்றன.

தோல் டாக்டரின் அறைக்குள் நுழைந்ததும் டீச்சருக்குப் பகீரென்றது. நாற்காலியில் இருந்தது அவளுடைய பழைய மாணவி. டெஸ்ட்டில் மூன்று முறை ஃபெயிலானவள். ஒவ்வொரு முறையும் இவளிடம் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

"எலுமிச்சை தேய்ச்சிட்டு வெயில்ல போனீங்களா?" டாக்டரின் குரலில் பரம திருப்தி. "வெந்துடும் டீச்சர். தேய்க்கறத இன்னியோட நிறுத்துங்க. தழும்புக்கு இந்தக் களிம்பு. புண் ஆறினதும் சன்ஸ்கிரீன். வெளிய கிளம்பக் கால் மணி முன்னாடி, நல்லா தாராளமா. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ மறுபடி. முழுக்கைச் சட்டை போடுங்க. கைய வண்டிக்குள்ள வைங்க."

"எத்தனை நாள்ல போகும்?"

"மாசக்கணக்காகும். அவசரப்படாதீங்க. நானும் மூணு டெஸ்ட் வரைக்கும் பொறுமையாத்தானே இருந்தேன்?"

டீச்சர் நல்ல மாணவியாகத் தலையாட்டினாள். அவள் வாழ்க்கையில் அது புதுசு.

முதல் வாரம் சன்ஸ்கிரீன் டியூபை டாஷ்போர்டில் வைத்தாள். வெயிலில் உருகிப் பீய்ச்சியதில் ஒரு மாணவரின் பேன்ட் பாழானது. பிறகு பைக்குள் வைத்துக்கொண்டாள். இரண்டு மணி நேரத்துக்கொருமுறை வண்டியை ஓரங்கட்டச் சொல்லிப் பூசிக்கொண்டாள். ஓரங்கட்டி ஓரங்கட்டியே அந்த வருட மாணவர்கள் பார்க்கிங்கில் புலிகளானார்கள்.

ஆறு மாதத்தில் கோடுகள் மறைந்தன. கை ஓரளவு தெளிந்தது; வலது கையோடு முழுக்க ஒட்டவில்லை. அவளும் அதோடு விட்டுவிட்டாள்.

நாத்தனார் மட்டும் இப்போது பார்லரில் வருவோர் போவோரிடமெல்லாம், "எலுமிச்சையத் தொடாதீங்க, எங்க அண்ணி கைய நான்தான் காப்பாத்தினேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.