போணி யார் கையில்?

பேராசிரியர் முனிரத்தினம் காலமான செய்தி, கடையில் போணி ஆவதற்கு முன்பே எனக்கு வந்தது. அவர் மகன்தான் போனில் பேசினான். "அப்பா விடிகாலையில போய்ட்டாரு அத்த" என்றான். முதல் வியாபாரம் ஆகாத கடையில் அழலாமா கூடாதா என்று அந்த நேரத்திலும் என் மனம் யோசித்தது. சார் இருந்திருந்தால் அதையும் கேட்டுப் பதிவு செய்திருப்பார்.

நாட்டார் நம்பிக்கைகளை ஆராய்ந்த அறிஞராக அவரை உங்களுக்கெல்லாம் தெரியும். ஆர்.கே.பேட்டையில் நெசவாளர் வீட்டில் பிறந்து, கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். லீவு விட்டால் டவுன் பஸ் ஏறிவிடுவார். பல்லி எந்தத் தோளில் விழுந்தால் என்ன பலன், விளக்கு வைத்த பிறகு ஊசி ஏன் கொடுப்பதில்லை என்று ஊர் ஊராகக் கேட்டுத் திரிந்தார். பொதட்டூர்பேட்டையில் அவருக்குப் 'பல்லி வாத்தியார்' என்றே பெயர். "பட்டம் குடுத்தது யுனிவர்சிட்டி, பேரு குடுத்தது பொதட்டூர்பேட்டை" என்று சொல்லிச் சிரிப்பார்.

என் கணவர் இறந்த மறுவருஷம் கோயில் மலையடிவாரத்தில் லுங்கி, துண்டுக் கடை போட்டேன். வெளியூர் பக்தர்கள் வாங்கினார்கள். உள்ளூர்க்காரர்கள் காலையில் என் கடைப் பக்கமே திரும்பமாட்டார்கள். தாலி இழந்தவள் கையால் சரக்கு வாங்கினால் அன்றைய பொழுது விளங்காது என்று பேச்சு. கிருத்திகைக் கூட்டத்தை மட்டும் நம்பிக் கடை நடத்த முடியுமா? ஷட்டரை ஒரேயடியாக இறக்கிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்படியொரு காலையில்தான் சார் வந்தார். துண்டு வாங்கவில்லை, கேள்வியாகக் கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னா சார், இன்னும் போணியே ஆவல. வெறுங்கையோட கேள்வி கேட்டுகினு நிக்கிறீங்க. வாங்கறதுன்னா வாங்குங்க, இல்லாட்டி நவுருங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எம்மா, இதை அப்படியே இன்னொரு தரம் சொல்லேன்" என்று ரெக்கார்டரை நீட்டினார்!

என் நிலைமையைச் சொன்னேன். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. எதிரே டீக்கடைக்கு அழைத்துப் போனார். கடைத்தெரு வியாபாரிகள் அங்கேதான் கூடுவார்கள். பாத்திரக்கடை ஏகாம்பரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"நைனா, போணி பண்றது யாரு? விக்கிறவங்களா, வாங்கறவங்களா?"

"இதுகூடத் தெரியாம இன்னா வாத்தியாரு சார் நீங்க? வாங்கறவன்தான்."

"அப்ப ராசி யாரு கையில கீது?"

"வாங்கறவன் கையில."

"இந்தம்மா விக்கிறவங்க. அவங்க கை உன்னை இன்னா பண்ணும்?"

வாயில் வைத்த டீயை விழுங்காமல் யோசித்தார் ஏகாம்பரம். "ஆங்... கரெக்டுதான். நாமதான் மாத்திப் புரிஞ்சிகினோம் போல."

"அப்ப இந்தம்மா கடையில போணி பண்ணி, ராசியான கை யாருக்குன்னு பாத்துடலாமா?" என்றார் சார்.

அவ்வளவுதான். தன் கை ராசியில்லாத கை என்று எந்த வியாபாரி ஒப்புக்கொள்வான்? மறுநாள் காலை முதல் ஆளாக வந்து துண்டு வாங்கியது ஏகாம்பரம்தான். பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். கடை நிலைத்துவிட்டது.

ஆனாலும் நான் சாரிடம் சண்டை போட்டேன். "எல்லாம் பொய்யின்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா சார்? இப்ப விக்கலாம். நாளைக்குக் காலையில நான் ஒரு கடையில வாங்கப்போனா, என் கையை இன்னா சொல்லுவாங்க?"

"பொய்யின்னு சொன்னா எனக்குக் கை தட்டுவாங்க, உன் கடைக்கு வரமாட்டாங்க. மீதியை நான் பாத்துக்கறேன் இரு" என்றார்.

சொன்னதைச் செய்தார். சில வருஷம் கழித்து, வியாபாரிகளின் நம்பிக்கைகள் பற்றிய அவர் புத்தகம் நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் வெளியானது. முதல் பிரதி வாங்க மேடையில் ஒரு பிரமுகர் கை நீட்டினார். சார் அவரை நிறுத்திவிட்டு மைக்கில் என் பெயரைச் சொல்லி அழைத்தார்: "கொஞ்சம் இருங்க. கௌசல்யாம்மா வந்து போணி பண்ணட்டும். என் வாழ்நாள் உழைப்பை அந்தக் கையை நம்பிக் குடுக்கறேன்."

மேடையேறி, காசு கொடுத்துத்தான் வாங்கினேன். அந்தப் புத்தகம் விற்றுத் தீர்ந்து, மறுபதிப்பும் வந்து, கல்லூரிகளில் பாடமானது. "இன்னாம்மா, எங்க எல்லாரையும்விட உன் கையி ராசியா கீதே! காலையில நம்ம கடைக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்" என்றார் ஏகாம்பரம். போனேன். ஒரு சொம்பு வாங்கினேன். இன்றும் அது என் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் பளபளவென்று இருக்கிறது. எத்தனையோ பேர் நம்பிக்கைகளைப் பற்றி எழுதுகிறார்கள். அவற்றுக்குள்ளேயே புகுந்து ஒருத்திக்கு வழி திறந்துவிட்டவர் எங்கள் பல்லி வாத்தியார்.

அன்று போனை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். கே.ஜி.கண்டிகையிலிருந்து வந்த ஒரு பெண், பொட்டில்லாத நெற்றியோடு கடைக்கு வெளியே ஒதுங்கி நின்றிருந்தாள். "யாராச்சும் மொதல்ல வாங்கிகினு போகட்டுங்க, அப்புறமா வரேன்" என்றாள்.

சாரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை அவளிடம் சொன்னேன்.

"உள்ள வாம்மா. போணி நீ பண்ணு."